இயங்கத் தாமதிக்கும் மோட்டார் வண்டி: குறையறியும் முறை

தோற்றுவாய்

கல்லூரி விழா முடிந்து பழைய மாணவர்கள் விடைபெறும் வேளையில் முற்றத்தில் ஒரு காட்சி தவறாது நிகழும். எங்கேனும் ஒரு கார் இயங்க மறுத்து நிற்கும். அதனைச் சூழ்ந்து பதின்மர் கூடுவர். "பற்றரி போய்விட்டது" என்பார் ஒருவர். "பிளக்கில் கரி படிந்திருக்கிறது" என்பார் மற்றொருவர். "பெற்றோலிலே தண்ணீர்" என்று மூன்றாமவர் தீர்ப்புக் கூறுவார். அவர்களுள் மருத்துவர் உண்டு, வழக்கறிஞர் உண்டு, கணக்காளர் உண்டு. தத்தம் தொழிலிற் சான்றின்றி ஒரு சொல்லும் சொல்லாத இப்பெரியோர், பொனற்றைத் திறந்த மாத்திரத்தே சான்றை மறந்து ஊகத்தில் இறங்கிவிடுகின்றனர்.

தமிழாசிரியன் எந்திரத்தைப் பற்றி எழுதுவானேன் என்று அன்பர்கள் வினவலாம். எந்திரம் பொறியியலாளருக்கு உரியது. ஆயின் ஓர் அறிகுறியைக் கண்டு காரணத்தைத் துணிதல் கற்றார் யாவர்க்கும் பொதுவான கலை. அக்கலையில் யான் ஒருமுறை பெருந்தவறு இழைத்தேன். அத்தவறும் அதன் பின்னர்க் கற்ற பாடமுமே இக்கட்டுரைக்குக் காரணமாயின.

ஓர் இரவு

எங்கள் இல்லத்தில் ஒரு மொறிஸ் மைனர் 1000 உண்டு. என் தந்தையார் அதனை இரண்டாங் கையாக வாங்கியவர். 2022-ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது அது பல மாதம் கொட்டகையில் நின்றது. தட்டுப்பாடு தணிந்து மீண்டும் ஓட்டத் தொடங்கியபோது, திறப்பைத் திருப்பினால் எஞ்சின் சோம்பலாகச் சுழன்று, நெடுநேரங் கழித்தே உயிர்பெற்றது. நெடுநாள் நின்ற வண்டியாதலாற் பற்றரி கெட்டுவிட்டதென்று கருதினேன். ஒரு சோதனையுஞ் செய்யவில்லை. 2023 ஆனியில் என் சம்பளத்திற் பெரும்பகுதியைக் கொடுத்துப் புதிய பற்றரி வாங்கிப் பூட்டினேன். சில வாரம் வண்டி சற்றுத் தெளிந்தது போலிருந்தது; அதுவே என் ஊகம் மெய்யென்பதற்குச் சான்றாயிற்று என மகிழ்ந்தேன்.

அவ்வாண்டு மார்கழியில், மழை பெய்துகொண்டிருந்த ஓரிரவு இரண்டு மணியளவில், எண்பதைக் கடந்த என் தந்தையாருக்கு மூச்சுத் திணறியது. அவரைத் தாங்கிக்கொண்டுவந்து வண்டியில் இருத்தினோம். திறப்பைத் திருப்பினேன். முன்விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. எஞ்சினோ ஒருமுறை முனகி அடங்கிற்று. மறுபடியும் முயன்றேன். சோக்குக் கம்பியின் பிடியை இழுத்தபோது அது விரலிற் சுட்டது. அவசரத்தில் அதனைப் பொருட்படுத்தவில்லை. கையாற் சுழற்றும் இரும்புப் பிடி, 1995 ஒக்டோபர் இடப்பெயர்வின்போது தொலைந்துபோனது. ஒழுங்கையோ சேறு, தள்ளுவதற்கு ஆளில்லை. ஈற்றில் அயலார் ஒருவரை எழுப்பி அவருடைய ஓட்டோவில் வைத்தியசாலையை அடைந்தோம். அதற்குள் நாற்பது நிமிடம் கழிந்துவிட்டது. "இன்னுஞ் சிறிது தாமதித்திருந்தால்..." என்று தொடங்கிய மருத்துவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு அவ்வாக்கியத்தை முடிக்கவில்லை.

மூன்றாம் நாள், கட்டிலிற் சாய்ந்திருந்த தந்தையார் நடந்தவற்றைச் சொல்லச் சொல்லிக் கேட்டார். லைற் எரிந்தது, எஞ்சின் முனகிற்று என்றேன். அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "தம்பி, சோக்குக் கம்பியைத் தொட்டுப் பார்த்தனியோ?"

திருக்குறளில் மருந்து என்னும் 95-ஆம் அதிகாரத்தை ஆண்டுதோறுங் கற்பிப்பவன் யான். பிணி எதுவென்றும், அது எதனால் வந்ததென்றும் தெளிந்த பின்னரே தீர்க்கும் வழியைத் தேடவேண்டும் என்று வகுப்பறையில் விரித்துரைப்பேன். என் வீட்டுக் கொட்டகையில் நின்ற வண்டிக்கோ பிணியறியுமுன் மருந்து வாங்கினேன். கம்பி சுட்டதன் பொருளை உணர்வதற்கு, முறையாகப் பின்வருவனவற்றை யான் கற்க வேண்டியதாயிற்று.

முதற் கேள்வி: சுழலவில்லையா, பற்றவில்லையா?

"கார் இலேசில் ஸ்ராட் ஆகுதில்லை" என்று நாம் ஒரே வாக்கியத்தாற் கூறும் குறை உண்மையில் இரு வேறு குறைகள்.

ஒன்று, எஞ்சின் மெல்லச் சுழல்வது. திறப்பைத் திருப்பினால், பாரமிழுக்கும் மாடு போல எஞ்சின் முக்கி முக்கித் திரும்பும். இது ஸ்ராட்டருக்கு வேண்டிய வலிமை சென்று சேரவில்லை என்பதைக் காட்டும். மற்றொன்று, எஞ்சின் விரைவாகவே சுழன்றும் நெருப்புப் பற்றாமை. இதன்கண் ஸ்ராட்டர் தன் கடமையைச் செய்கிறது. பெற்றோல், காற்று, தீப்பொறி என்னும் மூன்றனுள் ஒன்று உரிய அளவிலோ உரிய காலத்திலோ வந்து சேரவில்லை.

இவ்விரண்டையும் பிரித்தறியக் கருவி வேண்டியதில்லை; செவி போதும். நலமான வண்டியின் ஸ்ராட்டர் எஞ்சினை நிமிடத்துக்கு ஏறத்தாழ 200 முறை சுழற்றும். நாள்தோறும் அவ்வொலியைக் கேட்டுப் பழகியவர்க்கு அதன் தளர்ச்சி உடனே புலனாகும். பொனற்றைத் திறக்குமுன் இக்கேள்விக்கு விடை காண்க. விடை கண்டால் தேடவேண்டிய இடத்திற் பாதி கழிந்துவிடும். மெல்லச் சுழலும் வண்டிக்குப் பிளக்கு மாற்றுவதும், நன்கு சுழன்றும் பற்றாத வண்டிக்குப் பற்றரி மாற்றுவதும் பொருள் நட்டமன்றி வேறில்லை.

இரண்டுங் கலந்து வருதலும் உண்டு. ஸ்ராட்டர் மிகுதியான மின்னை உறிஞ்சி அழுத்தத்தைத் தாழ்த்திவிட்டால், பழைய வண்டிகளில் தீப்பொறி தரும் கொயிலுக்கும் குறைந்த அழுத்தமே கிடைக்கும், பொறி மெலியும். ஆதலின் இரு குறையும் ஒருங்கு தோன்றுமாயின் முதலிற் சுழற்சியைச் சீராக்குக.

மின் சென்று திரும்பும் வழி

மோட்டார் வண்டியின் தொடக்க காலத்தில் பெரும்பாலோர் எஞ்சினைக் கைப்பிடியாற் சுழற்றியே இயக்கினர். சாள்ஸ் கெற்றறிங் என்னும் அமெரிக்கர் அமைத்த மின் ஸ்ராட்டர் 1912-ஆம் ஆண்டுக் கடிலாக் வண்டிகளில் இடம்பெற்றது. அதன் பின்னரே மனிதன் கையாற் செய்த வேலையைப் பற்றரி ஏற்றுக்கொண்டது. அவ்வேலை எளியதன்று. சிறிய பெற்றோல் எஞ்சினைச் சுழற்றும் கணத்தில் ஸ்ராட்டர் 100 முதல் 200 அம்பியர் வரை மின்னோட்டத்தை வாங்கும். ஒரு முன்விளக்கு வாங்குவதோ ஏறத்தாழ 4 அம்பியர்.

இம்மின் பற்றரியின் ஒரு முனையிலிருந்து தடித்த கம்பி வழியாக ஸ்ராட்டருக்குச் செல்கிறது. சென்ற மின் திரும்பியாக வேண்டும். ஸ்ராட்டரின் உடலிலிருந்து எஞ்சினுக்கும், எஞ்சினிலிருந்து வண்டியின் இரும்புடலுக்கும், அங்கிருந்து பற்றரியின் மறுமுனைக்கும் அது மீள்கிறது. ஈண்டு ஒரு நுட்பம் உண்டு. எஞ்சின் அதிர்ச்சியை உடலுக்குக் கடத்தாதிருக்கும் பொருட்டு றப்பர்த் தாங்கிகளின் மேல் இருத்தப்பட்டுள்ளது. றப்பர் மின்னைக் கடத்தாது. ஆகவே எஞ்சினையும் உடலையும் இணைக்கச் செம்புக் கம்பிகளாற் பின்னிய பட்டியொன்று பூட்டப்பட்டிருக்கும். கராச்சுகளில் இதனை 'ஏர்த்' பட்டி என்பர். வண்டியின் அடியில், சேறும் எண்ணெயும் படியும் இடத்தில், எவர் கண்ணுக்கும் படாமல் இது கிடக்கும்.

இனிச் சிறு கணக்கொன்று காண்போம். ஒரு பூட்டில் துருப்பிடித்து அவ்விடத்தில் 0.02 ஓம் தடை தோன்றியதெனக் கொள்க. இஃது அற்பமான அளவே. எனினும் 150 அம்பியர் அதன் வழியே செல்ல முயன்றால், 150-ஐ 0.02-ஆற் பெருக்க வருவது 3 வோல்ற்று. பற்றரி தருகின்ற 12 வோல்ற்றில் ஏறத்தாழக் காற்பங்கு அத்துருவிலேயே அழிந்து வெப்பமாகிவிடுகிறது. அதே பூட்டின் வழியே 4 அம்பியர் வாங்கும் விளக்கொன்று எரியுமாயின் இழப்பு 0.08 வோல்ற்றே. அவ்விளக்கின் ஒளியில் வேறுபாட்டைக் கண் அறியாது.

"லைற் நன்றாக எரிகிறது; ஆகவே மின்னிற் குறையில்லை" என்னும் கூற்று இதனாற் பொய்யாகிறது. அளவை நூலார் புகையைக் கண்டு நெருப்புண்டென்று துணியலாம் என்பர். நெருப்பின்றிப் புகை எழாதாகலின் அத்துணிபு சரியே. ஒளியைக் கண்டு வலிமையுண்டென்று துணிவதோ அத்தகையதன்று. வலிமையின்றியும் ஒளி உண்டாகும். அன்றிரவு என் விளக்குகள் பளிச்சென எரிந்தன. அவ்வொளியே என்னை ஏமாற்றியது.

மெல்லச் சுழலும் வண்டிக்குச் சோதனைகள்

எளியதும் செலவற்றதும் முன்னும், கடினமானது பின்னுமாக இச்சோதனைகளை நிரல்படச் செய்க.

முதலாவது, கண்ணாற் காணல். பற்றரி முனைகளில் வெண்மையாகவோ நீலப்பச்சையாகவோ பூத்திருக்கிறதா? கௌவிகளைக் கையாற் பற்றித் திருகினால் அசைகின்றனவா? அசையுமாயின் குறை அங்கேயே இருத்தல் கூடும். அப்பச்சோடா கரைத்த இளஞ்சூட்டு நீராற் கழுவி, உலர்த்தி, உலோகம் மினுங்கும்படி தேய்த்து, இறுக்கிப் பூட்டியபின் சிறிது வசிலீன் பூசுக. நீர் பற்றரியின் துவாரங்களுட் புகாதிருக்க வேண்டும்.

இரண்டாவது, விளக்குச் சோதனை. முன்விளக்குகளை எரியவிட்டு, ஒருவர் திறப்பைத் திருப்ப, மற்றவர் முன்னே நின்று ஒளியைக் காண்க. சுழற்றும்போது ஒளி மிக மங்கினாலோ அணைந்தாலோ, பற்றரி வலிகுன்றியது, அல்லது அதன் முனைப்பூட்டுக் கெட்டது, அல்லது ஸ்ராட்டரோ எஞ்சினோ இறுகி அளவுக்கு மிஞ்சிய மின்னை வாங்குகிறது. ஒளி குறையாதிருக்க ஸ்ராட்டர் மாத்திரம் முனகினாலோ வாளாவிருந்தாலோ, குறை ஸ்ராட்டருக்கே உரிய கிளைவழியில் உளது: அதன் சுவிச்சு, தடித்த கம்பி, ஸ்ராட்டர், எஞ்சின் ஏர்த் என்பவற்றுள் ஒன்று. ஒளி சிறிதே மங்கி எஞ்சின் துடிப்பாகச் சுழன்றால் இப்பக்கம் நலம்.

மூன்றாவது, பற்றரியை அளத்தல். 12 வோல்ற்றுப் பற்றரியில் ஆறு கலங்கள் உள. வண்டி சில மணி நேரம் ஓடாது நின்றபின் மானி 12.6 வோல்ற்றுக் காட்டினால் பற்றரி நிறைந்துள்ளது. 12.2 எனின் ஏறத்தாழப் பாதி; 12-க்குக் கீழெனின் வறுமை. எனினும் ஓய்விலுள்ள அளவு மட்டும் போதாது. ஸ்ராட்டர் சுழலும்போது முனைகளில் அளந்து பார்க்க வேண்டும். அப்போது ஏறத்தாழ 9.6 வோல்ற்றுக்குக் கீழ் விழுமாயின் பற்றரியை ஐயுறுக. எஞ்சின் ஓடும்போது இக்கால மின்பிறப்பாக்கியுள்ள வண்டிகளிற் பெரும்பாலும் 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். காட்டாவிடின் பற்றரி உணவின்றி மெலிகிறது. உணவின்றி மெலிந்த ஒருவரை நீக்கிவிட்டு மற்றொருவரை அவ்விடத்திற் பட்டினி வைத்தாற் பயனென்ன? புதிய பற்றரியும் சில நாளில் அவ்வாறே சோரும். எங்கள் நாட்டு வெப்பம் பற்றரியின் ஆயுளைக் குறைப்பது உண்மையே. ஆயினும் பழியெல்லாம் அதன் தலையிற் சுமத்துதல் தகாது.

நான்காவது, வழியின் இழப்பை அளத்தல். எஞ்சின் பற்றிக்கொள்ளாதவாறு கொயிலின் சிறு கம்பியைக் கழற்றிவிட்டுச் சுழற்றுக. அப்போது மானியின் ஒரு முள்ளைப் பற்றரியின் ஏர்த் முனையிலும், மற்றதை எஞ்சினின் வெறும் உலோகத்திலும் வைத்துக் காண்க. அரை வோல்ற்றுக்கு மேற்பட்டால் மீளும் வழியிற் குறை. அவ்வாறே மற்ற முனைக்கும் ஸ்ராட்டருக்கும் இடையே அளக்க. மானி இல்லாதார், பற்றரியின் ஏர்த் முனையிலிருந்து எஞ்சினின் உலோகத்துக்குத் தடித்த கம்பியொன்றைத் தற்காலிகமாகப் பிடித்துச் சுழற்றிப் பார்க்கலாம். உடனே எஞ்சின் துள்ளிச் சுழலுமாயின் வேறு சான்று வேண்டா.

இவை யாவும் நலமாயின் மட்டுமே ஸ்ராட்டரைக் கழற்றி அதன் கரித்துண்டுகளையும் தாங்கிகளையும் பார்க்க வேண்டும். அதற்கு அப்பாலுள்ளவை கைதேர்ந்தவருக்கு உரியன.

என் வண்டியின் குறை இப்போது அன்பர்களுக்கு விளங்கியிருக்கும். ஏர்த் பட்டியின் ஒரு தலை துருவால் அரிக்கப்பட்டு, இரண்டொரு செம்பிழைகளில் தொங்கிக்கொண்டிருந்தது. விளக்குகளின் மின் எஞ்சின் வழியாக மீள்வதில்லை. உடல் வழியாகவே மீளும். ஆகவே அவை பிரகாசமாக எரிந்தன. ஸ்ராட்டரின் மின்னோ மீள வழியின்றி, எஞ்சினுக்கும் உடலுக்கும் இடையே உள்ள மற்றோர் உலோகத் தொடுப்பாகிய சோக்குக் கம்பியைத் தேடிப் பாய்ந்தது. அம்மெல்லிய கம்பி அத்துணை மின்னைத் தாங்காது சூடேறிற்று. விடையை என் விரல் தொட்டது. என் அறிவு தொடவில்லை. புதிய பற்றரி சில வாரம் பயன் தந்தது போலிருந்ததும் வியப்பன்று. நோய் அப்படியே இருக்க, அதனை மேற்கொள்ளும் வலிமை சற்றுக் கூடிற்று. மாரி வந்து துரு முற்றவே அதுவுந் தோற்றது. மாற்றுப் பட்டியின் விலை, யான் பற்றரிக்குக் கொடுத்ததில் மிகச் சிறு பகுதியே.

நன்கு சுழன்றும் பற்றாத வண்டி

இனி மற்றைக் குறையைக் காண்போம். இதன்கண் முதலில் வினவவேண்டியது, எப்போது தாமதிக்கிறது என்பதே. மழை நாட் காலையில் மாத்திரமெனின், டிஸ்றிபியூற்றர் மூடியினுள்ளும் பிளக்குக் கம்பிகளிலும் ஈரம் படிந்திருக்கலாம். உலர்ந்த துணியால் துடைத்தலே மருந்து. பல நாள் நின்றபின் மாத்திரமெனின், காபரேற்றர்க் கிண்ணத்துப் பெற்றோல் ஆவியாகி வற்றியிருக்கும். சூடாக ஓடி நிறுத்திச் சிறிது நேரத்திலெனின், வெப்பத்தாற் பெற்றோல் ஆவியாகிக் குழாயை அடைத்திருக்கலாம், அன்றிக் கலவை மிகைத்திருக்கலாம். நாள்தோறும் முதற்றடவை மாத்திரமெனின் சோக்கு முழுதாக மூடுகிறதா என்று நோக்குக.

பின்னர்ப் பிளக்கொன்றைக் கழற்றிப் பார்க்க. அது பெற்றோலால் நனைந்திருந்தால் எரிபொருள் வருகிறது. குறை பொறியில், அன்றி மிகையில். உலர்ந்திருந்தால் எரிபொருள் வரவில்லை. இதுவும் வழியை இரண்டாகப் பிளக்கும் சோதனையே. மொறிஸ் மைனர் போன்ற வண்டிகளில் மின்னாற் பெற்றோல் இறைக்கும் பம்பி உண்டு. திறப்பைத் திருப்பியதும் அது 'டிக், டிக்' என்று ஒலித்து, கிண்ணம் நிறைந்ததும் அடங்கும். ஒலியே இல்லையெனின் பம்பியின் தொடுமுனை கருகியிருக்கலாம். அடங்காது ஒலித்துக்கொண்டேயிருந்தால் தாங்கியிற் பெற்றோல் இல்லை, அல்லது குழாயிற் காற்றுப் புகுகிறது, அல்லது ஊசி வால்வு மூடாது பெற்றோல் வழிகிறது. அவ்வண்டியின் பிளக்கு இடைவெளி 0.025 அங்குலம், தொடுமுனை இடைவெளி ஏறத்தாழ 0.015 அங்குலம். நாட்பட இவை மாறுதலால் பொறி மெலியும்.

பெற்றோல் வாடை பலமாக வீசினால் மிகையென்று கொள்க. சோக்கை முற்றாக உள்ளே தள்ளி, வேகமிதியை முழுதும் அழுத்திப் பிடித்துச் சுழற்றினால், காற்று மிகுந்து கலவை தெளியும்.

மண்ணெண்ணெய்க் காலத்துப் பாடம்

எரிபொருள் ஆவியாதலுக்கும் தொடக்கத்துக்கும் உள்ள தொடர்பை என் வயதினர் நூலிற் கற்கவில்லை, தெருவிற் கற்றோம். 1990-இல் மீண்டும் போர் மூண்டபின் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. மொறிஸ், ஒஸ்ரின், கேம்பிறிட்ஜ் என்று வழங்கிய பழைய வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினிற் பற்றாது. தீப்பற்றக்கூடிய ஆவியைத் தருதற்கு அது 38 பாகை செல்சியசு அளவுக்கேனும் சூடேற வேண்டும். பெற்றோலோ பூச்சியத்துக்குக் கீழ் 40 பாகையளவிலும் அத்தகைய ஆவியைத் தரும். ஆதலின் தந்தையார் மருந்துப் போத்தலொன்றிற் பெற்றோலைப் பொன்போற் பேணி, காலையிற் சில கரண்டியளவு காபரேற்றரின் வாயில் வார்த்து எஞ்சினை இயக்குவார். அது சூடேறியதும் மண்ணெண்ணெயைத் திறந்துவிடுவார். கரும்புகை எழும்; எஞ்சின் இடிக்கும்; எண்ணெயும் விரைவில் நீர்த்துவிடும். எனினும் வண்டி ஓடிற்று.

அந்நாளில் ஒரு துளியையும் ஊகத்துக்குச் செலவிட இயலாது. வார்த்த பெற்றோலிற் பற்றி உடனே நின்றால், பொறி நலம், எரிபொருள் வழியே குறை என்பார். வார்த்தும் பற்றாவிடின் பெற்றோற் போத்தலை உடனே மூடிவிட்டுப் பொறியை நாடுவார். ஒரு கரண்டி பெற்றோல் அவருக்கு மருந்தாயிற்று, அதுவே சோதனையுமாயிற்று. உதிரியுறுப்புக் கிடையாத காலத்தில், மாற்றிப் பார்ப்போம் என்னும் சொல்லே அவர் அகராதியில் இல்லை. எல்லாம் கடையிற் கிடைத்த காலத்தில் யான் மாற்றிப் பார்த்தேன்.

புதிய வண்டிகள்

இக்கால வண்டிகளில் காபரேற்றர் இல்லை. எரிபொருள் அழுத்தத்தோடு ஊசித் துவாரங்கள் வழியே தெளிக்கப்படுகிறது. வண்டி நிற்கும்போது அவ்வழுத்தம் கசிந்துவிட்டால் காலையில் நெடுநேரம் சுழற்ற நேரும். இதனை அறிய, ஸ்ராட்டரை இயக்காது திறப்பை அதற்கு முந்திய 'ஒன்' நிலைக்குத் திருப்பி இரண்டு மூன்று விநாடி நிறுத்தி மீட்டும் மூடுக. அவ்வாறு இருமுறை மும்முறை செய்து, பின்னர் இயக்குக. பம்பி ஒவ்வொரு முறையும் சிறிது அழுத்தத்தை ஏற்றிவைப்பதால், வண்டி உடனே பற்றுமாயின் கசிவே காரணமெனத் துணியலாம். நீர்ச்சூட்டை உணர்த்தும் உணரி பொய்யுரைத்தாலும் கலவை பிழைக்கும். அதனை ஸ்கானர் என்னும் கருவியால் வாசித்தறியலாம். ஆயின் ஸ்கானரும் ஒரு சாட்சியே, நீதிபதியன்று.

டீசல் வண்டிகளுக்குப் பொறி இல்லை. குளிர்ந்த எஞ்சினைச் சூடாக்கும் சூட்டுப் பிளக்குகள் கெட்டாலும், குழாயிற் காற்றுப் புகுந்தாலும் தாமதம் உண்டாகும். முகப்பிலுள்ள மஞ்சட் சுருள் விளக்கு அணையும்வரை பொறுத்திருந்து இயக்குக. ஹைபிறிட் வண்டிகள் பலவற்றில் தனி ஸ்ராட்டரே இல்லை. பெரிய மின்கலமே எஞ்சினைச் சுழற்றும். எனினும் கணினிகளை எழுப்புவது சிறிய 12 வோல்ற்றுப் பற்றரியே. அது தளர்ந்தால் பெரிய வலிமையெல்லாம் உறங்கிக் கிடக்கும்.

எச்சரிக்கைகள்

பற்றரியிலிருந்து ஐதரசன் வாயு வெளிவரும். அதனருகே தீயும் பொறியும் ஆகா. அதனுள் இருப்பது சல்பூரிக்கமிலம், கண்ணைக் காத்துக்கொள்க. கழற்றும்போது ஏர்த் முனையை முதலிலும், பூட்டும்போது அதனை இறுதியிலும் கையாளுக. அன்றேல் ஸ்பனர் உடலிற் பட்டுப் பெரும்பொறி எழும். அந்நாளைய மொறிஸ் வண்டிகளில் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டது. பெரும்பான்மைப் புது வண்டிகளில் எதிர்முனை. இதனைப் பார்த்தே பூட்டுக. ஸ்ராட்டரை ஒரே மூச்சிற் பத்து விநாடிக்கு மேல் சுழற்றாது, இடையே ஆறவிடுக. வண்டி கியரில் இல்லையென்பதை எப்போதும் உறுதிசெய்க. ஹைபிறிட் வண்டியிற் செம்மஞ்சள் உறையிட்ட கம்பிகளைத் தொடாதீர்.

முடிவுரை

வாகன இறக்குமதி 2020-இல் நிறுத்தப்பட்டு 2025-இலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அவ்விடைக்காலத்தில் எம்மவர் பலர் பழைய வண்டிகளையே போற்றி ஓட்டலாயினர். அவர்களுக்கு இச்சிறு கட்டுரை பயன்படுமாயின் மகிழ்வேன்.

ஆசிரியத் தோழர்க்கும் ஒரு சொல். வகுப்பில் மெல்லத் தொடங்கும் பிள்ளைகள் உளர். அவர்களுக்கும் நாம் ஒரே பெயர் வைத்துவிடுகிறோம்: சோம்பேறி. கரும்பலகை கண்ணுக்குத் தெரியாத பிள்ளையும், காலையுணவின்றி வந்த பிள்ளையும், உள்ளபடியே விருப்பமற்ற பிள்ளையும் வெளித்தோற்றத்தில் ஒன்றே. முதலாமவனுக்கு மூக்குக்கண்ணாடி வேண்டும், தண்டனை வேண்டா. என் வண்டியின் ஏர்த் பட்டியை மாற்றிய மறுவாரம், கடைசி வாங்கிலிருந்த மூவரை முன்வாங்குக்கு மாற்றினேன். அவர்களுள் ஒருவன் அன்றே கேள்விக்கு விடை எழுதினான்.

தந்தையார் இன்றும் விறாந்தையிற் சாய்மனைக் கதிரையில் இருந்துகொண்டு, காலைதோறும் யான் வண்டியை இயக்கும் ஒலிக்குச் செவிசாய்ப்பார். ஒலி சிறிது தளர்ந்தாலும் கையை உயர்த்துவார். யான் இறங்கிப் போய்ப் பொனற்றைத் திறப்பேன். ஒன்றையும் வாங்குமுன் அனைத்தையும் தொட்டுப் பார்ப்பேன்.

மாணவர்க்குச் சில வினாக்கள்

1. ஒரு பூட்டில் 0.03 ஓம் தடை உண்டு. அதன் வழியே 100 அம்பியர் செல்லுமாயின் இழக்கும் அழுத்தம் யாது? 5 அம்பியர் செல்லுமாயின் யாது? இவற்றிலிருந்து நீர் துணிவது என்ன?

2. முன்விளக்குகள் மங்காதிருக்க ஸ்ராட்டர் முனகுகிறது. குறை எப்பகுதியில் உளது? காரணங் காட்டுக.

3. எஞ்சின் விரைவாகச் சுழன்றும் பற்றவில்லை. கழற்றிய பிளக்கு உலர்ந்துள்ளது. அடுத்து நீர் செய்யும் சோதனை யாது?

4. "புதிய பற்றரி பூட்டியபின் வண்டி தெளிந்தது, ஆகவே பழைய பற்றரியே குறை." இவ்வனுமானத்தின் வழுவை எடுத்துக்காட்டுக.